நாலாவது சத்தம்

தம்பி, அந்தப் பைய கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதியளா? கால நீட்ட முடியல. ஆங், போதும் போதும். ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டாம், நீங்களே இருங்க. காத்து தொண்டைக்கு ஆகாது. இந்தத் தொண்டைய நா எழுபத்தஞ்சு வருசமா காப்பாத்திட்டு வாரேன்.

காதுல மாட்டிருக்கியளே, என்ன பாட்டு? சினிமாவா? ஒரு காத மட்டும் கழட்டுங்க, ஒண்ணு கேக்கணும். அந்தப் பாட்டுல பாடுதவருக்குப் பின்னால ஆ...ன்னு நாலஞ்சு பேரு அடுக்கடுக்கா நிக்கது கேக்குதா? ஒருத்தன் அடியில, ஒருத்தன் நடுவுல, ஒருத்தன் மேல? அது எங்கருந்து வந்துதுன்னு நெனைக்கிய? வேதக்கோயில்லருந்து, எங்க சர்ச்சுலருந்து வந்துது தம்பி. எங்கள மாதிரி ஆளுவதான் கொண்டுபோயிக் கொடுத்தோம். சிரிக்காதிய, சத்தியமாச் சொல்லுதேன்.

மணி என்ன? ஒம்பதே காலா? பதினோரு மணிக்குள்ள நா பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரியில நிக்கணும். இந்த டிரைவர் உருட்டுத உருட்டப் பாத்தா நிப்பேனான்னு தெரியல. நின்னாலும் சரி, நிக்காட்டாலும் சரி.

எம் பேரு ஞானாபரணம். கர்மேல்விளை மிஷன் பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். விசில் இல்லாமலே கிரவுண்டோட அந்தக் கடைசியில ஓடுதவன நிப்பாட்டிருவேன். அப்படி ஒரு சத்தம். கர்த்தர் கொடுத்தது.

ஆஸ்பத்திரியில கெடக்கது சுவிசேஷமுத்து. எங்க ஊருல வயர்மேனா இருந்தான், என்னைவிட நாலு வயசு இளமை. நாங்க நாலு பேரா சேந்து பாடுவோம். அவன் பேஸு, அடிச்சத்தம். நா முத டெனாரு, மேல்சத்தம். நடுச்சத்தம் ரெண்டுக்கும் ரைஸ்மில்லுக்காரப் பிள்ளைங்க, மாசிலாமணி, தர்மராசுன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரும் இப்ப இல்ல. மிச்சம் இருக்கது நானும் அவனும்தான்.

நேத்து சாயங்காலம் அவன் மக செல்வகனி போன் போட்டா. டாக்டர் கைய விரிச்சிட்டாராம். ரெண்டு நாளோ மூணு நாளோ. இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஐயர் வந்து அவனுக்கு ராப்போசனம் கொடுக்காராம். எங்க சபையில போதகர ஐயர்னுதான் சொல்லுவோம், நீங்க வேற நெனச்சுக்கிடாதிய. ராப்போசனம்னா அப்பமும் திராட்ச ரசமும். சாகக் கெடக்கவன் வாயில அது படாமப் போகப்பிடாது, அது எங்களுக்குப் பெரிய காரியம். ஆனா இவன் வாங்க மாட்டேங்கானாம். மக அழுதுக்கிட்டே சொல்லுதா: "பெரியப்பா, அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்காவ. ஐயர்ட்ட அதச் சொல்லிரட்டுமான்னு அண்ணாச்சிட்ட கேட்டுட்டு வாம்மாங்காவ. நீங்க சரின்னா சொல்லிட்டு வாங்கிக்கிடுவாவளாம்."

"எதம்மா சொல்லணுமாம்?"ன்னு கேட்டேன்.

"எனக்குத் தெரியாது பெரியப்பா. உங்களுக்குத் தெரியும்னாவ."

எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. நேர்ல வாரேம்மான்னு போன வச்சிட்டேன். ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல.

நீங்க படிச்ச பிள்ளையா இருக்கிய. நா நடந்தத நடந்தபடி சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்க ஊருல ஒரு அமெரிக்க மிஷனெரி அம்மா இருந்தா. ஊருக்குத் திரும்பிப் போம்போது ஒரு கிராமபோன் பெட்டியும் ஆறு ரிக்கார்டும் எங்க கொயருக்கு, கோயில் பாட்டுக் குழுவுக்குன்னு விட்டுட்டுப் போனா. அதுல ஒரு ரிக்கார்டு, அங்க உள்ள கறுப்பு சனங்க நாலு பேரு பாடுனது. காஸ்பல் குவார்ட்டெட்டுன்னு பேரு. ஆர்மோனியம் கெடையாது, ஆர்கன் கெடையாது, கைத்தட்டு மட்டும்தான். அடியில ஒருத்தரு தும் தும் தும்னு நடந்துக்கிட்டே இருப்பாரு, நிக்கவே மாட்டாரு. நடுவுல ரெண்டு பேரு ஒத்து ஊதுவாவ. மேல ஒருத்தரு அழுவாரு, சிரிப்பாரு, கர்த்தரக் கைநீட்டிக் கூப்பிடுவாரு. மொத நாளு கேட்டுட்டு நாங்க நாலு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். தர்மராசு அழுதுட்டான். நானும் அழுதேன், எதுக்கு மறைக்கணும்.

அத வச்சுக்கிட்டு நம்ம தமிழ்க் கீர்த்தனையள அதே மாதிரி நாலு சத்தமா அடுக்குனோம். மொத மொத கோயில்ல பாடுதோம், சுவிசேஷமுத்து தும் தும்னு அடியில எறங்குதான், கமிட்டி மெம்பர் பொன்னுத்துரை எந்திரிச்சு, "மழ வரப்போவுதுடே, தவக்கா கத்துது"ன்னுட்டாரு. கோயிலே சிரிச்சுது. அதே பொன்னுத்துரை மறுவருசம் கன்வென்ஷன் கூட்டத்துப் பந்தல்ல நாங்க பாடி முடிக்கையில துண்டால கண்ணத் தொடச்சாரு. அப்புறம் ரேடியோவுல ஞாயித்துக்கிழம காலையில எங்க கீர்த்தனை ஒண்ணப் போட்டாவ. பேரு பரவிட்டு.

இதுல சுவிசேஷமுத்துவுக்கு ஒரு கெட்ட பழக்கம். பாடி முடிச்ச ஒடனே என்னத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "அண்ணாச்சி, உங்க சத்தம் உங்களுக்கே கேட்டா, அளவுக்கு மேல கூட்டிப் பாடுதியன்னு அர்த்தம். பக்கத்துல நிக்கவன் சத்தம் கேட்டாத்தான் சரியாப் பாடுதோம். ரிக்கார்டுல அவிய நாலு பேரும் அப்படித்தான் பாடுதாவ"ம்பான். வயர்மேன் எனக்குப் பாடம் எடுக்கான், பாத்துக்கிடுங்க. எனக்கு என் சத்தம் எப்பவும் நல்லாக் கேக்கும். எனக்குக் காது அவ்வளவு கூர்மை.

இது என்ன ஊரு, கருங்குளமா? அதுக்குள்ள வந்திட்டா?

எழுபத்தொம்பதுல மெட்ராஸ்லருந்து லெட்டர் வந்துது. பெரிய மியூசிக் டைரக்டர். பேரு வேண்டாம், மனுசன் இப்ப இல்ல. ரேடியோவுல கேட்டிருக்காரு. வாத்தியம் இல்லாம நாலு ஆம்பளச் சத்தம் மட்டும் ஒரு சினிமாப் பாட்டுக்குப் பின்னால வேணும், வாங்கன்னு எழுதிருந்தாரு. அன்னைக்கு எங்க சபையில சினிமாக் கொட்டகைக்குப் போனாலே ஒரு மாதிரிப் பாப்பாவ. சினிமாவுல பாடுததா? கேக்கவே வேண்டாம். வீட்டுல, ஊருல, எல்லாருட்டயும் மெட்ராஸ்ல கன்வென்ஷன்னு சொல்லிட்டு ரயிலேறுனோம். சுவிசேஷமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது. அவன் பொண்டாட்டிட்ட அவனுக்காக நாந்தான் சொன்னேன்.

ஸ்டூடியோவுல ரூம் சில்லுனு இருக்கு. மைக்கு ஒண்ணே ஒண்ணு, நடுவுல தொங்குது. நாங்க நாலு பேரும் அதச் சுத்தி நிக்கோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு உக்காந்து குமிழத் திருகுதாரு. பாடுனோம். ஸ்பீக்கர்ல சத்தம் வருது: "டாப் வாய்ஸ் சார், ஒரு அடி பின்னால போங்க." நாந்தான் டாப் வாய்ஸு. போனேன். மறுபடி பாடுனோம். "டாப் வாய்ஸ் சார், இன்னும் ஒரு அடி." போனேன். இன்னும் ஒரு அடி. இன்னும் ஒரு அடி. மத்த மூணு பேரும் மைக்கக் கட்டிப்பிடிக்காத குறையா நிக்கானுவ, நா போயிக்கிட்டே இருக்கேன். நல்ல சத்தத்த மைக்கு தாங்காது தம்பி. ஏழாவது அடியில என் முதுகு கதவுல முட்டிட்டு. பஞ்சு வச்சுத் தச்ச கதவு.

அப்பதான் மியூசிக் டைரக்டரே எந்திரிச்சு வந்து என் தோள்ல கையப் போட்டாரு. "சார், உங்க வாய்ஸ் எடுத்தாச்சு. மத்தவங்களதுதான் சரியா விழல. நீங்க வெளிய காத்தாட உக்காருங்க, டீ சொல்றேன்"னாரு. எவ்வளவு மரியாதை பாருங்க. என்னுது எடுத்தாச்சு. அவனுவளதுதான் விழல.

வெளிய பெஞ்சுல ஒரு வயலின்காரரு தயிர்சாதம் தின்னுக்கிட்டிருந்தாரு. "என்ன சார், அனுப்பிட்டாங்களா?"ன்னாரு. "என்னுது முடிஞ்சிட்டு"ன்னேன். ஒரு சிரிப்பு சிரிச்சாரு, அத இன்னைக்கு நெனச்சாலும் எனக்குக் காந்தும். கதவுக்கு மேல செவப்பு லைட்டு எரியுது. உள்ள பாடுதது ஒரு பொட்டு வெளிய கேக்கல. முக்கா மணி நேரம் அந்த லைட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். டீ ஆறிப்போச்சு.

லைட்டு அணைஞ்சு கதவு தெறந்துது. சுவிசேஷமுத்து மொதல்ல வந்தான். மூஞ்சி வேத்துப் போயிருக்கு, கண்ணு மட்டும் மினுங்குது. "நல்லா வந்திருக்கு அண்ணாச்சி"ன்னான். "நாலு பேருந்தானலே?"ன்னு கேட்டேன். அவன் தலைய ஆட்டுனான். அது போதும்லா? நாற்காலியில ஒரு கால எடுத்துட்டா நிக்குமா? நாலு இல்லாம எப்படி அந்தப் பாட்டு நிக்கும்?

பாட்டு வந்துது. வந்தா, சும்மா இல்ல, ஊரையே தூக்கிட்டுப் போயிட்டு. ஹீரோ மழையில ஒரு பாலத்துல தனியா நடந்து போவாரு, பின்னால எங்க சத்தம் மட்டும். டீக்கடையில, கல்யாண வீட்டுல, பஸ்ஸுல, எங்க பாத்தாலும் அதுதான். ரிக்கார்டு அட்டையில எங்க பேரு கெடையாது. ஆனா ஊருல ரெண்டு பேரு, "இது நம்ம குவார்ட்டெட்டு மாதிரில்லா இருக்கு"ன்னு பேச ஆரம்பிச்சானுவ. நா ஒண்ணும் சொல்லல. "மேல கேக்க சத்தம் யாருதுன்னு தெரியுதா?"ன்னு மட்டும் ஒண்ணு ரெண்டு பேருட்ட கேட்டேன். அவ்வளவுதான்.

தொண்ட காயுது. தண்ணி பாட்டில் வச்சிருக்கியளா? நல்லா இருப்பிய.

ரெண்டாவது லெட்டர் வந்துது தம்பி. அதுலதான் எல்லாம். மறுபடி மெட்ராஸுக்கு வாங்கன்னு. லெட்டர் எனக்கு வரல, சுவிசேஷமுத்துவுக்கு வந்துது. அவன் அதச் சட்டப் பையில வச்சுக்கிட்டு ஒரு வாரம் என்னப் பாக்காம சுத்துனான். அவன் போஸ்ட்டுக் கம்பத்து மேல நிக்கையில கீழ நின்னு, "எறங்குலே, அந்த லெட்டரக் காட்டு"ன்னேன். எறங்கி வந்து காட்டுனான். "உங்கள் மூவரையும்"னு எழுதிருக்கு. மூவரையும். "நா எழுதிப் போடுதேன் அண்ணாச்சி, நாலு பேரும் வந்தாத்தான் வருவோம்னு"ன்னான். எனக்கு எதுக்கு அவன் சிபாரிசு? மியூசிக் டைரக்டர் மனச அவன்தானே கலச்சிருக்கணும்.

அந்த நேரம் பாத்து எங்க கொயர் மாஸ்டர் மூப்பு காரணமா ஒதுங்குதாரு. அந்தப் பொறுப்பு யாருக்குன்னு ஈஸ்டருக்கு அப்புறம் கமிட்டி முடிவு பண்ணணும். ஒண்ணு நா, இல்லைன்னா சுவிசேஷமுத்து. எங்க ஊருல கொயர் மாஸ்டர்னா சும்மா இல்ல. கோயிலே அவரு கையப் பாத்துத்தான் எந்திரிக்கும், அவரு கையப் பாத்துத்தான் உக்காரும். சின்ன வயசுலருந்து எனக்கு அந்த ஒரு ஆசதான்.

நாலு நாளு யோசிச்சேன். சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா? தப்பு நடந்தா கண்டும் காணாம இருக்கலாமா? ஒரு வெள்ளப் பேப்பர எடுத்து, இடது கையால எழுதுனேன். 'கர்த்தருடைய ஆலயத்தில் பாடும் நாவு சினிமாவிலும் பாடலாமா? கமிட்டியார் விசாரிக்கவும்'னு. சுவிசேஷமுத்து பேரு, மில்லுக்காரப் பிள்ளைங்க ரெண்டு பேரு பேரு. என் பேர எழுதல. மொட்டப் பெட்டிசன்ல எழுதுதவன் பேரு எப்படி வரும்?

இப்படிப் பாக்காதிய தம்பி. கேளுங்க.

ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு கோயிலுக்குப் பின்னால ரூம்ல கமிட்டி கூடிட்டு. குவார்ட்டெட்டுன்னு எங்க நாலு பேரையுமே கூப்பிட்டாவ. அப்ப இருந்த ஐயர் சின்ன வயசு, சத்தம் போட்டுப் பேசமாட்டாரு. பெட்டிசன வாசிச்சாரு. சினிமாவுல பாடுனது நெசம்னா கொயர்லருந்து நீக்கணும், ஆறு மாசம் ராப்போசனம் கெடையாதுன்னு சட்டத்தச் சொன்னாரு. மில்லுக்காரப் பிள்ளைங்க ரெண்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு, ஆமான்னுட்டானுவ. அப்ப பொன்னுத்துரை கேட்டாரு: "போனது நாலு பேரு. இதுல மூணு பேருதான இருக்கு? வாத்தியார் பேரு எங்க?"

எல்லாரும் என்னப் பாக்காவ. அந்த எழுத்த இன்னொரு தடவ உத்துப் பாத்தா தீந்துது.

சுவிசேஷமுத்து எந்திரிச்சான். "அண்ணாச்சி பாடல ஐயா. நாங்க மூணு பேருந்தான் பாடுனோம். அவியள வெளிய உக்கார வச்சிட்டாவ. அவிய மேல ஒரு குத்தமும் இல்ல"ன்னான்.

பொன்னுத்துரை கெக்கேன்னு சிரிச்சாரு. "அப்ப வாத்தியாரு மெட்ராஸுக்கு டீ குடிக்கவா போனாரு?" ரூமே சிரிக்கு. ஐயரே கைய வச்சு வாய மறைச்சுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு: "நல்லது. வாத்தியார் மேல குற்றமில்லைன்னு எழுதிக்கலாம். அப்படின்னா கொயர் பொறுப்பையும் இன்னைக்கே அவருட்ட..."

கைக்கு வந்திட்டு தம்பி. வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். இன்னும் ஒரு நிமிசம் உக்காந்திருந்தா நா கொயர் மாஸ்டர். ஆனா அந்தச் சிரிப்பு. பொன்னுத்துரை தோளு இன்னும் குலுங்குது. டீ குடிக்கவாம். நாளைக்கு ஊரு பூரா சொல்லும்லா, வாத்தியார வெளிய உக்கார வச்சிட்டான்னு?

எந்திரிச்சிட்டேன். "நா பாடுனேன்"னேன்.

"வாத்தியாரே, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு ஐயர்.

"யோசிக்க என்ன இருக்கு? நா பாடுனேன். மேல கேக்க சத்தம் என்னுது."

"வாத்தியாரே, உக்காருங்க." அவரு கண்ணால கெஞ்சுதாரு. எனக்கு அப்ப புரியல.

"எஞ் சத்தம்!"னு கத்துனேன். பக்கத்துல கோயில்ல பெருக்கிக்கிட்டிருந்த பொம்பள வெளக்கமாத்தோட ஓடி வந்து வாசல்ல நிக்கா. என் சத்தம் அப்படி.

ஐயர் பைபிள எடுத்து மேச மேல வச்சாரு. சுவிசேஷமுத்துவக் கூப்பிட்டாரு. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. இதுல கைய வச்சுச் சொல்லு. வாத்தியார் பாடுனாரா, பாடலியா?"

சுவிசேஷமுத்து என்னப் பாத்தான். நானும் அவனப் பாத்தேன். அவன் கையத் தூக்கி பைபிள் மேல வச்சான். கம்பத்துல ஏறி கரண்டுல வைக்குத கை.

"அண்ணாச்சி பாடுனாவ ஐயா. நாந்தான் பொய் சொன்னேன்"னான்.

பாத்தியளா? அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்! பைபிள்ல அடிச்சுச் சொன்னான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அன்னைக்குக் கமிட்டி நோட்டுல எழுதுனது இன்னைக்கும் இருக்கு, போயிப் பாருங்க.

எனக்கும் மில்லுக்காரப் பிள்ளைங்களுக்கும் ஆறு மாசம். அவனுக்கு, கமிட்டி முன்னால பொய் சொன்னதுக்கும் சேத்து, ஒரு வருசம். கொயர் பொறுப்ப வேற யாருக்கோ கொடுத்தாவ. வீட்டுக்கு வந்தா எம் பொண்டாட்டி, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி"ன்னா. எங்க நாலு சத்தமும் அன்னைக்கோட முடிஞ்சிட்டு. மெட்ராஸுக்கும் யாரும் போகல. அதுக்கப்புறம் எத்தன சினிமாப் பாட்டுல அதே தும் தும்மு, அதே அடுக்கு. எவனெவனோ பாடுனான். நாங்க நாலு பேரும் நாலு பெஞ்சுல உக்காந்து ஊரோட சேந்து பாடுனோம்.

இன்னும் கேளுங்க, இதுதான் எனக்கு வெளங்காதது. ஒரு வருசம் முடிஞ்சுது. ராப்போசனத்துக்கு எல்லாரும் எந்திரிச்சு முன்னால போறோம், ஐயர் அவனப் பாத்து வான்னு தலைய ஆட்டுதாரு. இவன் பெஞ்சுலயே உக்காந்திருக்கான். அப்புறம் ஐயர் வீட்டுக்கே போயிக் கேட்டிருக்காரு. "என்ட்ட இன்னும் ஒரு பொய் கெடக்கு ஐயா. அதச் சொல்லாம வாங்கப்பிடாது"ன்னானாம். "சொல்லிரு"ன்னாராம் அவரு. "அது என் ஒருத்தனுக்குச் சொந்தமில்ல"ன்னுட்டானாம்.

எந்தப் பொய்யி? அதான் கமிட்டியிலயே ஒத்துக்கிட்டானே? நாப்பது வருசம் தம்பி. ஆறு ஐயர் மாறிட்டாவ. மாசாமாசம் கோயில் பூரா எந்திரிச்சுப் போவும், இவன் ஒருத்தன் மட்டும் பெஞ்சுல கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். மக கல்யாணத்தன்னைக்கும் அப்படித்தான். அவன் பொண்டாட்டி அன்னபாய் ஒரு தடவ எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவிய வாங்கிக்கிடுவாவ"ன்னா. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, உன் புருசன் திமிரு பிடிச்சு உக்காந்திருக்கான்"னேன். படியிறங்கிப் போயிட்டா. அவ செத்து பன்னெண்டு வருசம் ஆவுது.

திமிருதான் தம்பி. வேற என்ன?

என்ன தேடுதிய போன்ல? பாலம், மழைன்னு சொன்னத வச்சுக் கண்டுபிடிச்சிட்டியளா? இதுதான், இதேதான் படம். அய்யோ, போடாதிய. வேண்டாம் தம்பி. நா எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், ரேடியோவுல, கொட்டகையில. அதுல எல்லாம் ஒண்ணாத்தான கேக்கும். நல்ல குவார்ட்டெட்டுல யாரு சத்தமும் தனியாக் கேக்காது. இந்தக் காதுல மாட்டுததுல ஒவ்வொருத்தன் சத்தமும் தனித்தனியா எண்ணலாம்னு எம் பேரன் சொன்னான். அவனும் மாட்டி விட வந்தான், எனக்குக் காது வலின்னுட்டேன். எடுங்க அத, உள்ள வைங்க.

கிருஷ்ணாபுரம் போயிட்டா? மணி? அதுக்குள்ள பத்தரையா.

போன் அடிக்கி. செல்வகனிதான். அடிக்கட்டும்.

உங்கள்ட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க யாரோ, நா யாரோ. பயமா இருக்கு தம்பி. கர்மேல்விளையில நா யாரு? அந்தப் பாட்டுல மேல்சத்தம் பாடுன வாத்தியார். கல்யாண வீட்டுல அதச் சொல்லித்தான் மொத வரிசையில உக்கார வைக்கான். எம் பேரன் அவன் ஆபீஸுல எல்லாருட்டயும் சொல்லிருக்கான். கொயர் மாஸ்டர் ஆகல, வேற ஒண்ணும் ஆகல. எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். ஐயர் காதுல சொன்னா ஐயரோட நிக்குமா? பக்கத்துல மக நிக்கா, நர்சு நிக்கா. சாயங்காலம் ஊருக்குத் தெரிஞ்சிரும். பொன்னுத்துரை மவன் இருக்கான், அப்பன மாதிரியே சிரிப்பான். எழுபத்தஞ்சு வயசுல நா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயில் படி ஏற?

சரின்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான் அவன் கேக்கான். சரின்னு சொல்லணும்னுதான் காலையில குளிச்சு வேட்டி மாத்தி பஸ் ஏறுனேன். ஏறையில சொல்லிருவேன்னுதான் இருந்துது.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்திட்டா? வழி விடுதியளா தம்பி. பைய எடுத்துக் கொடுங்க. இருங்க, இருங்க, எடுக்க வேண்டாம். முன்னால எறங்குதவிய எறங்கட்டும்.

ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. சுவிசேஷமுத்து நல்லவன். அவன மாதிரி ஒருத்தன நா பாத்ததில்ல, அத நா எங்க வேணும்னாலும் சொல்லுவேன். நாப்பது வருசம் தூக்கிச் சுமந்தவனுக்கு இன்னும் ரெண்டு நாளு சுமக்கத் தெரியாதா?

என்னப்பா கண்டக்டரே? ஆமா, ஆஸ்பத்திரின்னுதான் டிக்கெட் எடுத்தேன். இப்ப எறங்கல. ஜங்ஷனுக்குப் போறேன். நீ ரைட் கொடு.